எங்கட பக்க ஆட்கள்: அறிபுனை ஷூட்டர் கேம்களின் கூட்டாளி வீரர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கொம்பியூட்டரும் ஒரு பழைய எக்ஸ்பொக்ஸும் கிடக்கின்றன. சனி, ஞாயிறுகளில் ரியூசன் முடிந்து வரும் பெடியள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்களைத் தேடிக்கொண்டு வருகிற அம்மாமாரின் கேள்வியும் உண்டு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சில பதில்களில் கதையின் போக்கு வெளிப்பட்டுவிடும். இன்னும் விளையாடாதவர்கள் பார்த்து வாசிக்கவும்.

அண்ணா, கூட்டாளி வீரர் எண்டு ஆரைச் சொல்லுறீங்கள்?

கதையை விளையாடும்போது எங்கள் பக்கம் நின்று சுடுகிற, ஆனால் இன்னொரு மனிதர் இயக்காத ஆட்களை. 'ஹேலோ'வின் மரீன்கள், 'ஹாஃப் லைஃப் 2'இன் கிளர்ச்சிக்காரர்கள், 'குவேக் 4'இல் கூட வருகிற படைப்பிரிவு. இணையத்தில் சேர்ந்து விளையாடும் சிநேகிதர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அவையளால உண்மையா ஏதும் பிரயோசனம் இருக்கோ? சும்மா அலங்காரத்துக்குத்தானே விட்டிருக்கினம்?

இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறார்கள்: மரீன் எத்தனை எதிரியை விழுத்தினான்? அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் பூச்சியம்தான். நாயகன் நீங்கள். சண்டையை மரீனே முடித்துவிட்டால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? அதனால் கூட்டாளியின் குறியை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக வைப்பது கேம் செய்பவர்களின் வழக்கம்.

அவர்களின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. 2001இல் வந்த முதல் 'ஹேலோ'வையே எடுங்கள். நீங்கள் இயக்குகிற நாயகன் மாஸ்டர் சீஃபின் கவசம் அடிபட்டுக் குறைந்தால், ஒதுங்கிக் கொஞ்ச நேரம் அடி வாங்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் திரும்ப நிரம்பும். முழு விளையாட்டும் அந்தச் சில விநாடிகளில்தான் தொங்குகிறது. நீங்கள் பாறைக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது எதிரே நிற்கிற எலீற் எனும் வேற்றுக்கிரக எதிரி வேறு யாரையாவது சுட வேண்டும். அந்த வேறு யாரோதான் மரீன். இரண்டு மரீன்கள் உயிரோடு நின்றால் உங்கள் பக்கம் வரும் சூடு பாதியாவது குறையும். 'லெஜண்டரி' எனும் கடுமையான நிலையில் விளையாடிப் பாருங்கள், கடைசி மரீன் விழுந்த மறுகணமே எல்லாத் துவக்கும் உங்கள் பக்கம் திரும்பும்.

வாகனம் இன்னொரு காரணம். வாட்ஹொக்கை நீங்கள் ஓட்டினால் பின்னால் நிற்கும் பெரிய துவக்கை நீங்களே இயக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு மரீன் ஏறினால்தான் அது சண்டை வாகனம். இல்லாவிட்டால் வெறும் ஜீப்.

கிடைச்ச ரொக்கெற் லோஞ்சரை ஏன் மரீனிட்டக் குடுக்கச் சொல்லுறீங்கள்? நானே வச்சிருக்கலாம்தானே?

உங்களிடம் இருந்தால் குண்டு நாலைந்து அடியில் முடிந்துவிடும். மரீனிடம் இருந்தால் முடியாது. கூட்டாளிகளுக்குக் கேம் குண்டுக் கணக்கு வைப்பதில்லை.

முதல் 'ஹேலோ'வில் இது நடக்காது. அங்கே மரீன்கள் கொண்டுவந்ததோடுதான் நிற்பார்கள். 2004இல் வந்த 'ஹேலோ 2'இல்தான் அவர்களோடு ஆயுதம் மாற்றுகிற வசதி வந்தது. அன்றிலிருந்து தெரிந்தவர்கள் விளையாடும் முறையே மாறிவிட்டது. நல்ல ஆயுதம் கிடைத்தால் முதலில் "இதை ஆருக்குக் குடுக்கலாம்?" என்றுதான் யோசிப்பார்கள். 2021இன் 'ஹேலோ இன்ஃபினிற்'இல் இது உச்சத்துக்குப் போனது. மீட்டெடுத்த தளங்களிலிருந்து மரீன்களைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் பெரிய ஆயுதமாகக் கொடுத்து, ரேசர்பாக் வாகனத்தில் பருத்தித்துறை மினிபஸ் மாதிரி அடைந்து கொண்டு போனால், நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்தால் போதும். அந்தக் கேமில் எனக்கு ஆகப் பிடித்த விடயம் இதுதான். கதை இரண்டாம் பட்சம்.

ஒரு கவனம்: ரொக்கெற் வைத்திருக்கிற மரீனுக்குத் தூரம் தெரியாது. எதிரி உங்கள் முகத்துக்கு முன்னால் நின்றாலும் அடிப்பான், நீங்களும் சேர்ந்து போவீர்கள். நடந்து போகும் கட்டங்களில் தூரத்துக்குச் சுடுகிற ஸ்னைப்பரைக் கொடுங்கள். ரொக்கெற்றை வாகனத்தில் ஏறிய பிறகு கொடுக்கலாம்.

எந்தக் கேமில கூட வாற ஆட்களில கன வகை இருக்கு?

வகை என்றால் என்ன என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். ஐந்து நிறத்தில் உடுப்புப் போட்ட ஐந்து பேரும் ஒரே துவக்கால் ஒரே மாதிரிச் சுட்டால், என் கணக்கில் அது ஒரே வகைதான். நீங்கள் செய்ய முடியாத ஒன்றை அந்த ஆள் செய்தால்தான் வகை.

இதை ஆரம்பத்திலேயே பிடித்தது 1998இன் 'ஹாஃப் லைஃப்'. அங்கே கூட்டாளிகள் படையினர்கூட இல்லை. ஆய்வுக்கூடத்தின் காவலாளி, வெள்ளைக் கோட்டுப் போட்ட விஞ்ஞானி. காவலாளி கைத்துப்பாக்கியால் சுடுவார். விஞ்ஞானி பயந்து அலறுவார், ஆனால் ஊசி போட்டு உங்கள் காயத்தை ஆற்றுவார். கண்ணைக் காட்டினால் திறக்கும் கதவுகளை உங்களால் திறக்க முடியாது, அவர்களில் ஒருவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் அந்த அலறுகிற மனிதர் உங்களுக்கு ரொக்கெற்றைவிடப் பெறுமதி.

அடுத்த வருடம், 1999இல், கியர்பொக்ஸ் நிறுவனம் அதே கதையைப் படைச்சிப்பாய் ஒருவரின் பக்கத்திலிருந்து 'ஒப்போசிங் ஃபோர்ஸ்' என்று செய்தது. அதில் சாதாரணச் சிப்பாய், மருத்துவர், பொறியியலாளர் என மூன்று ஆட்கள். மருத்துவர் உங்களையும் மற்றவர்களையும் குணமாக்குவார். பொறியியலாளர் பூட்டிய கதவை வெட்டித் திறப்பார். இதில் ஒரு பொல்லாத நுட்பம் இருக்கிறது: பொறியியலாளர் செத்தால் கதவு திறக்காது, ஆகவே சண்டை நடக்கும்போது அவரைப் பின்னால் நிற்பாட்டிவிட்டு நீங்கள் முன்னால் போகிறீர்கள். கேம் உங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் உங்களைப் பொறுப்பான ஆளாக்கிவிடுகிறது. 2005இன் 'குவேக் 4'உம் இதே வழியில் போனது. மருத்துவர் உடம்பைப் பார்ப்பார், தொழில்நுட்பக்காரர் கவசத்தைத் திருத்துவார்.

ஆனால் ஒரே ஒரு கேமைத்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது 2005இன் 'ஸ்டார் வோர்ஸ்: ரிப்பப்ளிக் கொமாண்டோ'. வேடிக்கை என்னவென்றால் அதில் வருகிற நாலு பேரும் ஒரே மனிதரின் படியெடுப்புகள். முகம் ஒன்று, உயரம் ஒன்று. ஆனால் நாலு பேரும் நாலு குணம். ஸ்கோர்ச் வெடிவைப்பான், வாய் ஓயாது. ஃபிக்சர் கணினியை உடைக்கிறவன், சட்டம் பேசுவான். செவ் ஸ்னைப்பர், கொலைக்கணக்கு வைத்துக்கொண்டு திரிவான். நீங்கள் தலைவர். கவசத்தில் பூசிய நிறத்தை வைத்தே தூரத்திலிருந்து ஆளைப் பிடிக்கலாம்.

கட்டளை கொடுப்பதும் சுகம். தடுப்புச்சுவர் ஒன்றைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஒருவன் போய் ஸ்னைப்பராக நிற்பான், இன்னொரு இடத்தைக் காட்டினால் குண்டெறிவான், கதவைக் காட்டினால் உடைத்துக்கொண்டு நுழைவார்கள். பெயருக்கு ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறப்பு இருந்தாலும் எந்த வேலையையும் எவனுக்கும் கொடுக்கலாம். விழுந்த ஆளை மற்றவன் எழுப்புவான், நீங்கள் விழுந்தாலும் எழுப்புவான். இருபது வருடம் கழிந்து பார்த்தாலும் இதைவிட நல்ல கூட்டு எனக்குத் தென்படவில்லை.

ஏலியன்கள் எங்கட பக்கம் வாற கேம் இருக்கோ?

இருக்கிறது. 'ஹேலோ 2'இல் பாதிக் கதை ஆர்பிட்டர் என்ற எலீற்றின் கண்ணால் போகிறது. அதுவரை நீங்கள் ஓட ஓடச் சுட்ட கிறண்டுகளும் எலீற்றுகளும் உங்களோடு வருவார்கள். கடைசிக் கட்டத்தில் ஹண்டர்கள் உதவிக்கு வந்து நிற்கும்போது வருகிற தைரியம் இருக்கிறதே, அது மரீன்களால் வராது. எதிரியாக இருந்தபோது அந்த ஹண்டர் எவ்வளவு படுத்தினான் என்பது உங்கள் கைக்கு நினைவிருக்கும். அதனால்தான் அந்தத் தைரியம்.

2007இன் 'ஹேலோ 3'இல் ஃபிளட் எனும் அருவருப்பான கூட்டமே ஒரு கட்டத்தில் சிறிது நேரம் உங்களோடு சேர்ந்து சண்டை பிடிக்கும். பொது எதிரி செத்த கையோடு உங்கள் மேல் பாயும். ஃபிளட்டில் இன்னொரு பயங்கரமும் உண்டு. விழுந்த மரீனின் உடம்பைப் பிடித்து எழுப்பி எதிரியாக்கிவிடும். மரீனைக் காப்பாற்றாவிட்டால் வருகிற நட்டம் ஒன்றல்ல, இரண்டு.

'ஹாஃப் லைஃப் 2'இன் அன்ற்லயன்கள் வேறு மாதிரி. முதலில் மணலில் கால் வைத்தாலே கடிக்க வருகிற பூச்சிகள். பிறகு வோர்டிகோண்ட் எனும் வேற்றுக்கிரகத்தார் ஒருவர் அவற்றின் காவலனின் உடலிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துத் தருவார். அதை எறிகிற பக்கமெல்லாம் பூச்சிகள் ஓடிப்போய்த் தாக்கும். செத்தால் மண்ணிலிருந்து வேறு வரும். கவலையே இல்லாத ஒரே கூட்டாளி. அதனாலேயே கொஞ்ச நேரத்தில் அலுத்தும் போகும்.

துவக்கே பிடிக்காத ஆளால என்ன பிரயோசனம்?

2013இன் 'பயோஷொக் இன்ஃபினிற்'இல் எலிசபெத் சுடுவதேயில்லை. சண்டையில் அவளுக்கு அடியும் படாது. உங்களுக்குக் குண்டு முடிகிற நேரம் பார்த்து ஒரு பெட்டியை எறிந்து தருவாள், உயிர் குறைந்தால் மருந்து தருவாள். காவல் காக்க வேண்டிய சுமை இல்லாமல், உதவி மட்டும்.

அலிக்ஸ் எனும் கூட்டாளி இதற்கு மறுகரை. 2006இன் 'ஹாஃப் லைஃப் 2: எபிசோட் வன்'இல் இருட்டுக்குள் நீங்கள் ரோர்ச் அடித்துக் காட்டினால்தான் அவள் குறிபார்ப்பாள். வெளிச்சம் உங்கள் வேலை, சூடு அவள் வேலை. அந்தக் கேமில் ஒரேயொரு துவக்குக் குண்டு மட்டும் சுட்டு முழுவதையும் முடித்தால் ஒரு சாதனைப் பதக்கம் உண்டு. குண்டெறியலாம், கடப்பாரையால் அடிக்கலாம், பொருட்களைத் தூக்கி எறியலாம். மிச்சத்தைப் பெரும்பாலும் அலிக்ஸ் பார்த்துக்கொள்வாள். கூட்டாளிகள் உதவாதவர்கள் என்று வாதாடுகிறவர்களை நான் அந்தப் பதக்கத்தை எடுக்கச் சொல்லித்தான் அனுப்புவது.

ஏன் எப்ப பாத்தாலும் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கினம்?

'ஹாஃப் லைஃப் 2'இன் கிளர்ச்சிக்காரர்களைத்தான் சொல்கிறீர்கள். எனக்கும் அவர்களோடு கோபம்தான். அவர்களுக்கு உள்ள முதற்கட்டளை உங்களுக்குக் கிட்ட நிற்பது. நீங்கள் ஒடுங்கிய பாதையில் நின்று எட்டிப் பார்த்தால் நாலு பேரும் பின்னால் வந்து அடைத்துக்கொள்வார்கள். நீங்கள் திரும்பினால் வழியில்லை. அவர்களை ஒரு இடத்துக்கு அனுப்புகிற பொத்தான் இருக்கிறது. அறைக்குள் போகுமுன் அவர்களை முதலில் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நடக்கக்கூடிய தரை முழுவதையும் கேம் ஒரு வலையாக வைத்திருக்கும், ஆட்கள் அந்த வலைக்கு மேலேதான் வழி தேடுவார்கள். என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கத் தனி ஏற்பாடு. 'ஹேலோ 2'இன் செயற்கை அறிவைச் செய்த டேமியன் ஐலா 2005இல் கேம் உருவாக்குனர் மாநாட்டில் அதை விளக்கினார்: ஓடு, ஒளி, சுடு, வாகனத்தில் ஏறு என்கிற நடத்தைகளைக் கிளை கிளையாக அடுக்கி, மேலிருந்து கீழே முன்னுரிமைப்படி பார்த்துக்கொண்டு போவது. பிறகு வந்த கனக்கக் கேம்கள் இந்த மர முறையைத்தான் எடுத்துக்கொண்டன. இந்த ஏற்பாடு எதிரிக்கும் கூட்டாளிக்கும் ஒன்றுதான். எதிரி கெட்டிக்காரனாகத் தெரிவதும் மரீன் மொக்கனாகத் தெரிவதும் ஏனென்றால், எதிரியை நீங்கள் சில விநாடி பார்த்ததும் அவன் செத்துவிடுகிறான். மரீனையோ அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தெரியாமல் ஒரு மரீனைச் சுட்டுட்டன். இப்ப எல்லாரும் என்னைச் சுடுகினம்!

ஒன்றிரண்டு பட்டால் திட்டுவார்கள். தொடர்ந்து கொன்றால் துரோகி என்று மற்றவர்கள் உங்கள் மேல் திரும்புவார்கள். பழைய 'ஹாஃப் லைஃப்' காவலாளியும் அப்படித்தான். கடைசிச் சேமிப்புக்குத் திரும்புங்கள். 'ஹாஃப் லைஃப் 2'இல் இந்தச் சிக்கல் இல்லை, கூட்டாளியை நோக்கினாலே துவக்கு தாழ்ந்துவிடும்.

ஆட்களைச் சாகாமல் கடைசி வரைக்கும் கொண்டுபோகலாமோ?

கேமைப் பொறுத்தது. 2010இன் 'ஹேலோ ரீச்'இல் நோபிள் அணியினர் கதை சொல்லும் நேரம் வரை சாகமாட்டார்கள். அதுவரை அவர்களைக் கேடயமாக வைத்துக்கொண்டு விளையாடலாம், அந்தப் பாதுகாப்பே கொஞ்சம் சுவாரசியத்தைக் குறைக்கிறது. அதே கேமில் வழியில் சேர்கிற சாதாரணப் படையினர் சாவார்கள், அவர்களைத்தான் நான் கூடக் கவனிப்பது.

உங்கள் தீர்மானத்தால் ஆள் சாவது 'மாஸ் எஃபெக்ட் 2'இல் (2010). கடைசி நடவடிக்கையில் குழாய்க்குள் யாரை அனுப்புவது, இரண்டாவது அணிக்கு யார் தலைவர், தடுப்புக் கவசத்தை யார் பிடிப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பொருத்தமில்லாத ஆளை அனுப்பினால் யாரோ ஒருவர் திரும்பி வரமாட்டார். அதுவரை அவர்களோடு கதைத்து, அவரவர் பிரச்சினையைத் தீர்த்துக் கொடுத்திருந்தால் தப்புகிற வாய்ப்புக் கூடும். கண்ட இடத்தில் கதைக்கிறதை அலுப்பென்று தாண்டிப் போகிற பெடியள் அங்கேதான் மாட்டுப்படுவது.

பொம்பிளைப் பிள்ளையள் இல்லையோ? எங்கட ஆக்களின்ர முகம்?

முதல் 'ஹேலோ'வின் மரீன்கள் எல்லாம் ஆண்கள். 'ஹேலோ 3'இல் பெண் மரீன்கள் வந்துவிட்டார்கள். 'ஹாஃப் லைஃப் 2'இன் கிளர்ச்சிக்காரர்களில் ஆணும் பெண்ணும் பல நிறத்தவரும் கலந்து வருவார்கள்.

தெற்காசிய முகம் வேண்டுமென்றால் கூட்டாளி வீரர்களை விட்டுவிட்டு, நீங்களே இயக்குகிற பாத்திரங்களுக்குப் போக வேண்டும். 2016இன் 'ஓவர்வொச்'இல் சத்யா வாஸ்வானி எனும் சிமெட்ரா, 2020இல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்'இல் சேர்ந்த ரம்யா பரேக் எனும் ராம்பார்ட். ஒருவர் ஒளியால் கட்டடம் கட்டுகிறவர், மற்றவர் துவக்குத் திருத்துகிற மெக்கானிக். எங்கள் பக்க முகம் வந்தால் எஞ்சினியர் வேலைதான் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள் போல. யாழ்ப்பாணத்து அம்மாமார் சந்தோஷப்படுவார்கள்.

தமிழில் துணைத்தலைப்பு இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தக் கதைக் கேமிலும் இல்லை. ஆங்கிலத் துணைத்தலைப்பைப் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். மரீன்கள் கத்துவதில் பாதி எச்சரிக்கை, அது விளங்காவிட்டால் உதவியில் பாதி போச்சு.

தம்பி, சண்டையைக் கண்ட ஊரில இதுகளை ஏன் பிள்ளையளுக்குக் காட்டுறீங்கள்?

இதைக் கேட்ட அக்காவுக்கு நான் நேரில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். எங்கள் முன்னறையில் உண்மையான நாடுகளின் உண்மையான போர்களை வைத்துச் செய்த கேம்கள் ஓடுவதில்லை. சட்டம் என்று யாரும் போடவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வேற்றுக்கிரகத்தாரோடு சண்டை என்றால் அது வேறொரு உலகம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிறது.

அதைவிட முக்கியம் சத்தம். 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பெடியளுக்கு அது வெறும் வெடிச்சத்தம். பக்கத்து அறையில் இருக்கிற அம்மம்மாவுக்கு அப்படி இல்லை. அதனால் எங்கள் வீட்டில் ஸ்பீக்கரைப் போட விடுவதில்லை, ஹெட்போன்தான். இரண்டு பேர் ஒரே திரையில் விளையாடினால் சத்தத்தை ஆகக் குறைத்து வைத்துத்தான்.

வயதுக் குறியீட்டையும் பாருங்கள். அமெரிக்கத் தரப்படுத்தலில் முதல் 'ஹேலோ'வும் 'ஹாஃப் லைஃப் 2'உம் 17 வயதுக்கு மேல். 'ரிப்பப்ளிக் கொமாண்டோ', 'ஹேலோ இன்ஃபினிற்' இரண்டும் பதின்ம வயதினருக்கு. சின்னவர்களை நான் அந்த இரண்டோடுதான் நிற்பாட்டுவது.

இன்டர்நெட் இல்லாட்டிலும் விளையாடலாமோ? கரண்ட் போனா?

கூட்டாளி வீரர்களின் பெரிய நன்மையே அதுதான், அவர்களுக்கு டேட்டா வேண்டாம். 2024இல் வந்த 'ஹெல்டைவர்ஸ் 2' எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்கு எப்போதும் இணைப்பு வேண்டும், அங்கே கூட வருகிறவர்கள் மனிதர்கள், ஒருவர் சுட்டால் மற்றவருக்கும் படும். தனியாக விளையாட 'டீப் ரொக் கலக்ரிக்' நல்லது. நாலு குள்ளர்கள், நாலு தொழில்: ஒருவர் வெளிச்சம் அடிப்பார், ஒருவர் மேடை கட்டுவார், ஒருவர் கம்பிவழி போடுவார், ஒருவர் குடைவார். ஆள் சேராவிட்டால் பொஸ்கோ எனும் சிறு பறக்கும் இயந்திரம் வந்து கிண்டும், சுடும், விழுந்தால் எழுப்பும். கதை இல்லை, ஆனால் பொஸ்கோவை எல்லோருக்கும் பிடிக்கும்.

கரண்ட் பற்றி: 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டின காலத்தில் நாங்கள் பழகிக்கொண்டது, சேமிப்புப் புள்ளி வந்த பிறகு எழும்புவது. 'ஹேலோ' தானாகச் சேமிக்கும், அந்த நேரத்தில் உயிரோடு நிற்கிற மரீன்கள்தான் திரும்ப வருவார்கள். ஆகவே மரீன்கள் விழுந்துகொண்டிருக்கும்போது புள்ளி தாண்டிவிட்டால் அதோடு போனார்கள். 'ஹாஃப் லைஃப்' கேம்களில் நினைத்த நேரம் நீங்களே சேமிக்கலாம்.

எதில தொடங்கலாம்?

கிராபிக்ஸ் காட் இல்லாத பழைய மெஷின் என்றால் 'ஹாஃப் லைஃப்', பிறகு 'ஒப்போசிங் ஃபோர்ஸ்'. இரண்டும் எந்தப் பெட்டியிலும் ஓடும். கொஞ்சம் நல்ல மெஷின் என்றால் 'ரிப்பப்ளிக் கொமாண்டோ'. 'ஹேலோ'வின் பழைய பாகங்கள் 2019 டிசம்பரிலிருந்து 2020க்குள் ஒவ்வொன்றாகக் கொம்பியூட்டருக்கு வந்து ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன, ஆனால் இடம் கனக்க எடுக்கும். அதில் முதற்பாகத்தைத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: பத்துக் கட்டங்களில் பெரும்பாலும் முன்பாதியில்தான் மரீன்களின் துணை. ஆறாவது கட்டத்தின் முடிவில் உதவிக்கு வருகிற சென்ரினல் எனும் பறக்கும் இயந்திரங்களை நம்பிப் பழகவேண்டாம், எட்டாவதில் அவை உங்களைத்தான் சுடும்.